முள் அசைய வேண்டும், மூட்டு கசியக் கூடாது

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று தாமிரபரணி வயல்களை ஒட்டிப் போகிற ரோட்டில் ஒரு குறையும் காட்டாமல் ஓடுகிற கார், மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றம் வந்ததும் திணறும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்காது. முதல் கியரில் முனகிக்கொண்டே நிற்கும். திருநெல்வேலியில் மெக்கானிக் தொழில் செய்கிற யாரும் இந்தப் புகாரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. "அண்ணாச்சி, கீழ நல்லாத்தான் ஓடுது. மலைன்னு வந்தா இழுக்க மாட்டேங்கு."

அப்படி வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு பில் கட்டும் இருக்கும். பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, இஞ்செக்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, கடைசியில் டேங்கை இறக்கி பெட்ரோல் பம்பையும் மாற்றியாயிற்று. வண்டியின் குறை மட்டும் அப்படியே இருக்கும். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கேஜ் மாட்டி பிரஷர் பாத்தாங்களா? எவ்வளவு காட்டுச்சு?" யாரும் பார்க்கவில்லை என்றுதான் அநேகமாகப் பதில் வரும்.

இந்தத் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டவை இரண்டு. அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. அளக்கும்போது ஒரு சொட்டுப் பெட்ரோலும் வெளியே வரக் கூடாது. முதலாவது வண்டிக்காரரின் பணத்தைக் காக்கும். இரண்டாவது, பானட்டுக்குள் குனிந்து நிற்கிறவனின் உயிரைக் காக்கும்.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒர்க்‌ஷாப்பில் நின்றவை பெரும்பாலும் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான். அவற்றின் பெட்ரோல் பம்ப் இஞ்சினின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே ஒரு டயஃப்ரம் ஏறி இறங்கி, டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்கு அனுப்பும். அந்த அழுத்தம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. கோடையில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி வெயில் அடிக்கும்போது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். நடு ரோட்டில் வண்டி நிற்கும். ஈரச் சாக்கைப் பம்பின் மேல் சுற்றி, வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, சூடு ஆறியதும் கிளப்பிக்கொண்டு போவோம். வேப்பர் லாக் என்ற பெயர் ஊரில் எல்லா டிரைவருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் பிரஷரை அளக்க வேண்டிய அவசியம் அபூர்வம். கார்புரேட்டரில் சேரும் டியூபைக் கழற்றி, செல்ஃப் அடித்து, பெட்ரோல் பீச்சுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். அடைப்பு இருந்தால் சிலர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணாச்சி அதை மட்டும் தம் ஒர்க்‌ஷாப்பில் விடமாட்டார். "ஏல, வாயில பட்டாத் துப்பிரலாம். மூச்சுக்குழல்ல போயிட்டா யாரு எடுக்கது?" என்பார். அவர் சொன்னது மருத்துவ உண்மை. பெட்ரோல் கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கினாலே கடுமையான அழற்சி உண்டாகும்.

2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 2005 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் இரண்டு எல்லா ஊர்களுக்கும் வந்தது. கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்னும் இஞ்செக்‌ஷன் முறை வந்தது. பம்ப் இஞ்சின் பக்கத்திலிருந்து கிளம்பி டேங்குக்குள்ளேயே போய்விட்டது. அது மின்சாரத்தில் ஓடுகிறது. ஃப்யூவல் ரெயில் என்னும் குழாயில் அழுத்தம் ஏறக்குறைய மூன்று பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. பழைய பம்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இஞ்சினை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் குழாய்க்குள் நிற்கும். மறுநாள் காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள்.

வண்டி மாறிய வேகத்தில் கைப்பழக்கம் மாறவில்லை. டியூபைக் கழற்றி பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கிற பழைய வழக்கத்தை இந்த வண்டிகளில் செய்தால் பெட்ரோல் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். சுடுகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் போய் விழும். ஊரில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான் ஒரு பையன் குழாயைக் கழற்றினான். முகத்தில் அடித்த பெட்ரோலுக்குப் பயந்து கையிலிருந்த குண்டு பல்பு விளக்கைக் கீழே போட்டான். பல்பு உடைந்த மறு நொடி நெருப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் மணலை வாரிக் கொட்டியதால் அவன் உயிர் தப்பியது. அவன் முன்னங்கைத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோலின் குணத்தை அறிந்தவன்தான் கேஜைக் கையில் எடுக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் அது தீப்பிடிக்கப் போதுமான ஆவியை விடும். காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே கலைந்து போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அடியில் வேலை பார்க்க வெட்டிய பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. பத்தடி தள்ளி கேஸ் வெல்டிங் நடந்தால் அது முடிகிறவரை காத்திருக்க வேண்டும். நான் வண்டியைத் திறந்த வெளியில், நிழலில், இஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் எடுப்பேன். டி.சி.பி. பவுடர் அடைத்த தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் எரிகிற பெட்ரோல் மிதந்துகொண்டே பரவும் என்பதை ஒர்க்‌ஷாப்பில் சேருகிற பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இனி கேஜைப் பற்றி. உள்ளே இருப்பது வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் பிள்ளைகள் ஊதி விளையாடுகிற காகிதச் சுருள், ஊத ஊத விரிகிறது அல்லவா, அது மாதிரி அழுத்தம் ஏற ஏற இந்தக் குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சின்ன அசைவைப் பல் சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். 1849-இல் பிரான்சில் யூஜின் போர்டான் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான கேஜுகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

மூன்று பார் அளக்க ஏழு பார் வரை காட்டும் கேஜ் சரியானது. நாம் பார்க்க வேண்டிய அளவு வட்டத்தின் நடுப்பகுதியில் விழ வேண்டும். கடைசிக் கோட்டை ஒட்டி முள் நின்றால் குழாய் சீக்கிரம் தளர்ந்துவிடும். காற்று அடிக்கும் கம்ப்ரசரில் இருக்கிற கேஜையோ தண்ணீர் மோட்டார் கேஜையோ கழற்றி மாட்டுகிறவர்கள் உண்டு. அவற்றின் வாஷரும் ரப்பரும் பெட்ரோலுக்குத் தாங்காது. இப்போது நிலைமை இன்னும் கடுமை. 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் சாதாரண ரப்பரை ஊறவைத்து இளக்கும். ஆகவே கேஜின் ஓ-ரிங் வைட்டான் ரகமாகவும், ஹோஸ் இஞ்செக்‌ஷன் வண்டிக்கென்று செய்ததாகவும் இருக்க வேண்டும். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்7 என்பது கார்புரேட்டர் வண்டியின் குறைந்த அழுத்தத்துக்கான ஹோஸ். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் கறுப்பாகத்தான் இருக்கும்.

கேஜை மாட்டுவதற்கு முன் குழாய்க்குள் நிற்கிற அழுத்தத்தை இறக்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு இஞ்சினை ஸ்டார்ட் செய்தால், ரெயிலில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் குடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். இன்னும் இரண்டு முறை சில விநாடிகள் செல்ஃப் அடிக்க வேண்டும். பிறகு டேங்க் மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்திருக்கும் ஆவியை வெளியேற்றி மறுபடி மூட வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைக்க வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூட்டைச் சுற்றித் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் கட்டி, மெதுவாகத் தளர்த்த வேண்டும். நனைந்த வேஸ்ட்டை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வெளியே கொண்டுபோய் வைப்பது என் வழக்கம். வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் தாகத்தோடு வருகிறவன் பாட்டிலைத்தான் பார்ப்பான், உள்ளே என்ன என்று பார்க்கமாட்டான்.

சில வெளிநாட்டு வண்டிகளில் ரெயிலின் மேலேயே டயர் வால்வு போன்ற ஒரு வாய் இருக்கும். கேஜை அதில் திருகினால் போதும். நம் ஊரில் ஓடுகிற சிறிய கார்கள் பலவற்றில் அது கிடையாது. பெட்ரோல் வரும் ஹோஸுக்கும் ரெயிலுக்கும் நடுவே டி-ஜாயிண்ட் வைத்துத்தான் எடுக்க வேண்டும். வேலையின் கஷ்டமெல்லாம் இந்த ஒரு மூட்டில் இருக்கிறது.

ரப்பர் ஹோஸ் உள்ள வண்டி என்றால் ஹோஸ் நிப்பிளின் மேடு தாண்டி முழுவதும் ஏற வேண்டும்; கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஓட்டை ஓட்டையாக வெட்டிய சாதாரண கிளிப்பை இறுக்கினால் அந்த ஓட்டையின் விளிம்பு ஹோஸைக் கடித்து வெட்டும். விளிம்பு மடித்த, உட்பக்கம் வழவழப்பான இஞ்செக்‌ஷன் கிளிப் கடையில் கேட்டால் கிடைக்கும். விலையும் பெரிய வித்தியாசம் இல்லை. புதிய வண்டிகளில் நைலான் குழாயும் அழுத்திக் கழற்றும் லாக்கும் வருகின்றன. அந்த நைலானை அறுத்து டி-ஜாயிண்ட் சொருகுவது பெரிய குற்றம். அறுத்த குழாயில் பழைய பிடிப்பு ஒருநாளும் வராது. அந்த லாக்குக்குப் பொருந்துகிற அடாப்டரை வாங்கித்தான் மாட்ட வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகும் ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும்.

பேஞ்சோ போல்ட் உள்ள இடத்தில் செம்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஒரு தரம் நசுங்கியது மறுபடி அடைக்காது. எந்த மூட்டையும் ஒற்றை ஸ்பானரால் திருகக் கூடாது. ஒரு ஸ்பானர் பிடிக்க வேண்டும், இன்னொன்று திருப்ப வேண்டும்; இல்லையென்றால் மெல்லிய ரெயில் குழாய் முறுகும். கூம்பு மரையில் டெஃப்லான் டேப் சுற்றலாம். ஆனால் நுனியில் இரண்டு மரையை விட்டுச் சுற்ற வேண்டும். பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போனால் இஞ்செக்டரை அடைக்கும். உலோகமும் உலோகமும் உட்கார்ந்து அடைக்கும் ஃப்ளேர் மூட்டில் டேப்புக்கு வேலையே இல்லை. கசிகிற மூட்டின் மேல் எம்-சீலைப் பூசி மறைத்துக் கொண்டுவருகிற வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அது பெட்ரோல் அழுத்தத்துக்கான பொருள் அல்ல. அதைப் பூசினவர் போய்விடுவார். அதில் குடும்பத்தோடு திருச்செந்தூர் போகிறவர் வேறொருவர்.

மாட்டியதும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. பேட்டரியை இணைத்து, ஃபியூஸை வைத்து, சாவியை மட்டும் போட வேண்டும். பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். முள் எழும். ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். இதையே இரண்டு மூன்று முறை திருப்பிச் செய்து, எங்கும் ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் இஞ்சினைக் கிளப்புவேன்.

முள் சொல்கிற விஷயங்கள் பல. சாவி போட்டதும் எழவே இல்லை என்றால் பம்ப் ஓடவில்லை, அல்லது டேங்கில் பெட்ரோல் இல்லை. ரெயிலின் மேல் ரெகுலேட்டரும் திரும்பிப் போகும் குழாயும் உள்ள வண்டியில், ஐட்லிங்கில் இரண்டரை பார் அளவில் நிற்கும். ரெகுலேட்டருக்குப் போகிற வாக்குவம் டியூபை உருவினால் மூன்றுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ரெகுலேட்டரில் கோளாறு. உருவின டியூபுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கிற வண்டியில் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. எப்போதும் ஒரே அளவுதான். கம்பெனி கொடுத்த புத்தகத்தில் அந்த மாடலுக்கு என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும்.

இஞ்சினை நிறுத்திய பிறகும் முள் நிற்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது: பம்புக்குள் இருக்கிற ஒருவழி வால்வாக இருக்கலாம், ரெகுலேட்டராக இருக்கலாம், இஞ்செக்டராக இருக்கலாம். காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

மாஞ்சோலையில் இழுக்காத வண்டிக்கு வருகிறேன். அப்படி ஒன்று, கடலோர உவரிப் பக்கத்திலிருந்து வந்த கார். இரண்டு இடத்தில் பம்ப் மாற்றியிருந்தார்கள். கேஜ் மாட்டினேன். ஐட்லிங்கில் மூன்று பார், ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரை ஏற்றிப் பிடித்ததும் முள் தளரத் தொடங்கியது. பெட்ரோல் அதிகம் கேட்கும்போது பம்பால் கொடுக்க முடியவில்லை. புது பம்ப் ஏன் தளர வேண்டும்? பின் சீட்டைத் தூக்கி, பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரியில் பதினான்கு வோல்ட் இருக்க, பம்புக்குப் பத்து வோல்ட்கூட வரவில்லை. எர்த் ஒயர் பாடியில் சேருகிற போல்ட் உப்புக் காற்றில் துருவேறிப் பொருக்காகியிருந்தது. துருவைச் சுரண்டி, புது போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். முள் அசையாமல் நின்றது. செலவு ஒரு போல்ட்டும் அரை மணி நேர வேலையும். வண்டிக்காரர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "இத முதல்லயே பாத்திருந்தா ரெண்டு பம்ப் காசு எனக்கு மிச்சம் அண்ணாச்சி." கடற்கரை வண்டி எது வந்தாலும் கேஜும் மல்டிமீட்டரும் சேர்த்தே எடுக்கிற வழக்கம் அதிலிருந்து வந்தது.

கேஜ் சொல்லாத விஷயமும் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து திருநெல்வேலி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்த பிறகு கார்கள் வரிசையாக வந்தன. சில வண்டிகளில் கேஜ் மாட்டினால் சரியாக மூன்று பார் காட்டும். ஆனால் இஞ்சின் பிடிக்காது. டேங்குக்குள் புகுந்த வெள்ளத் தண்ணீரைப் பம்ப் அதே அழுத்தத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. முள்ளுக்குத் தண்ணீர் எது, பெட்ரோல் எது என்று தெரியாது. அதிலும் எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் படியும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அந்த நாட்களில் கேஜின் வடி வால்வைத் திறந்து, கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்து, சற்று நேரம் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம். மேலே பெட்ரோலும் கீழே கலங்கல் தண்ணீருமாக இரண்டு அடுக்கு தெரிந்தால், டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை. அழுத்தத்தைப் பார்க்கிற பழக்கத்தோடு, உள்ளே ஓடுவது என்ன என்று பார்க்கிற பழக்கமும் அந்த வெள்ளத்துக்குப் பிறகு நிலைத்துவிட்டது.

சோதனைக்கு மாட்டிய கேஜை வேலை முடிந்ததும் கழற்றிவிடுவோம். ஆனால் வண்டியை மாற்றியமைத்து வேகமாக ஓட்ட ஆசைப்படுகிற இளைஞர்கள் நிரந்தரமாகவே கேஜ் மாட்டித் தரச் சொல்கிறார்கள். அதுவும் டேஷ்போர்டில், கண்ணுக்கு முன்னால். அவர்களுக்கு நான் சொல்வது: பெட்ரோல் ஓடும் குழாய் எந்தக் காரணத்துக்காகவும் ஆள் உட்காரும் பகுதிக்குள் வரக் கூடாது. மூன்று பார் அழுத்தத்தில் ஒரு நிப்பிள் விட்டுப்போனால் மடியில் பெட்ரோல் கொட்டும். உள்ளே முள் வேண்டும் என்றால், இஞ்சின் பக்கத்தில் எலக்ட்ரிக் சென்சர் வைத்து, ஒயரை மட்டும் உள்ளே கொண்டுபோய் மீட்டரில் இணைக்கலாம். மலை ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே பிரஷர் பார்க்க வேண்டியிருந்தாலும் இதே வழிதான்.

நேரடி முள் கேஜ்தான் வேண்டும் என்றால் பானட்டுக்குள்ளேயே மாட்டலாம். அதற்கும் முறை இருக்கிறது. கேஜை ரெயிலின் மேல் நேராகத் திருகி விட்டுவிட்டால், இஞ்சின் அதிர அதிர அந்தக் கனம் ஆடி, பித்தளை நிப்பிளின் கழுத்தில் வெடிப்பு விழும். வெடிப்பு ஆரம்பிப்பது கண்ணுக்குத் தெரியாது. கேஜை பாடியில், தகரச் சுவரில் பிராக்கெட் போட்டு நிறுத்த வேண்டும். ரெயிலிலிருந்து அதுவரை எஸ்.எஸ். பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ் வர வேண்டும். குறுக்கு வாட்டில் உட்கார்ந்திருக்கும் இஞ்சின் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் கொடுத்து ஹோஸைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஃபேன், பெல்ட் எதன் பக்கமும் போகக் கூடாது. எஸ்.எஸ். பின்னல் மின்சாரம் கடத்தும். பேட்டரி பாசிட்டிவ் மேல் உரசினால் பெட்ரோல் குழாயே பொறி விடும். அதனால் மேலே ஒரு ரப்பர் உறை போட வேண்டும். டி-ஜாயிண்டிலிருந்து கேஜுக்குப் போகும் வாயில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளை உள்ள சிறு அடைப்பானைத் திருகிவிடுவது மிக நல்லது. முள்ளின் நடுக்கம் அடங்கும். என்றாவது ஹோஸ் வெடித்தாலும் பெட்ரோல் கொட்டாமல் கசிகிற அளவோடு நிற்கும். வண்டியை ஓரங்கட்டி இறங்க நேரம் கிடைக்கும்.

இந்தக் கேஜை எல்லா வண்டியிலும் மாட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. காமன் ரெயில் டீசல் வண்டியில் ரெயில் அழுத்தம் 1,600 பார், அதற்கும் மேல்கூடப் போகும். புதிய நேரடி இஞ்செக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளிலும் அது நூற்றுக்கணக்கான பார். அந்தக் குழாய்களைத் தளர்த்தவே கூடாது; ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். கசிவைத் தேடி விரலால் தடவினால், ஊசி முனை அளவு டீசல் தோலைத் துளைத்து சதைக்குள் போய்விடும். வெளியே எறும்பு கடித்த அளவுதான் காயம் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கும்; விரலை எடுக்க வேண்டிய நிலைமையும் வரும். அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பையன்கள் இன்று ஸ்கேனரை என்னைவிட வேகமாக இயக்குகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நம் ஊரில் ஓடுகிற பல சாதாரணப் பெட்ரோல் கார்களில் பெட்ரோல் அழுத்தத்தைச் சொல்லும் சென்சரே கிடையாது. ஸ்கேனர் அதைக் காட்ட முடியாது. அங்கே பித்தளைக் குழாயும் முள்ளும்தான் இன்றும் சாட்சி. முதல் சம்பளத்தில் நல்ல கேஜ் செட் ஒன்று வாங்குங்கள். அதோடு சேர்த்து ஒரு கண்ணாடியும் சரியான கிளிப்புகளும் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு தரம் கேஜை இன்னொரு நல்ல கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கீழே விழுந்த கேஜை நம்பாதீர்கள்.

கார் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்ப் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், கேஜ் மாட்டி முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை; நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்படமாட்டார். கேஜ் இல்லாமல் பம்ப் மாற்றுகிற இடத்திலும், தீயணைப்பு சிலிண்டர் இல்லாமல் கேஜ் மாட்டுகிற இடத்திலும் உங்கள் வண்டியை விடாதீர்கள்.